லார்ஜ் ஃபார்மட் கேமராவில் ஒளிக்கசிவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

4×5, 5×7, 8×10 அங்குல ஷீட் ஃபிலிமில் (சுருளாக இல்லாமல் தனித்தனித் தாளாக வரும் ஃபிலிம்) படம் எடுப்பவர்களுக்காக எழுதியது. இந்தக் கேமராக்களில் கசிவுக்கு வழி நிறைய உண்டு. முன்னால் லென்ஸைத் தாங்கும் லென்ஸ் போர்டு, நடுவில் மடிப்பு மடிப்பாகப் பெல்லோஸ், பின்னால் ஸ்பிரிங் பேக் (இனி ‘பேக்’ என்றால் இந்தப் பின்சட்டம்), அதில் செருகும் ஃபிலிம் ஹோல்டர், ஹோல்டருக்குள் ஃபிலிமை மூடியிருக்கும் தகடான டார்க் ஸ்லைடு என்று எல்லாமே தனித்தனித் துண்டுகள். ஒவ்வொரு இணைப்பும் வெளிச்சத்தைத் தடுத்தாக வேண்டும். நெகட்டிவில் ஒரு கறையைப் பார்த்தவுடனே பெல்லோஸைக் கழற்றத் தொடங்குபவர்கள் அதிகம். அந்த நெகட்டிவையே கொஞ்ச நேரம் நிதானமாகப் பார்த்தால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

நெகட்டிவில் தெரிவது ஒளிக்கசிவுதானா, வேறு கோளாறா?

கசிவு என்றால் நெகட்டிவில் கூடுதல் கருமை. பிரின்டிலும் ஸ்கேனிலும் அது வெளுப்பாகத் தெரியும். நெகட்டிவில் வெறுமையாகத் தெரியும் புள்ளிகள் கசிவு அல்ல. ஃபிலிம் மேல் இருந்த தூசி வெளிச்சத்தை மறைத்ததால் வந்தவை அவை.

கருமையாக இருப்பதெல்லாமும் கசிவு ஆகிவிடாது. தொட்டியில் கெமிக்கலை வேகமாக ஆட்டினால் ஷீட்டை மாட்டும் ஹேங்கரின் துளைகளை ஒட்டிக் கோடுகள் விழும். ஒன்றோடொன்று உரசிய ஷீட்டில் ஸ்டாட்டிக் மின்சாரம் பாய்ந்தால் கிளை கிளையாகக் கீற்றுகள் வரும். விமான நிலையத்தில் சி.டி. ஸ்கேனருக்குள் போய் வந்த பெட்டியில் ஷீட் முழுவதும் மங்கல் ஏறியிருக்கும், சில சமயம் பட்டை பட்டையாகவும் இருக்கும்.

இன்னொன்றையும் பலர் கசிவு என்று நினைத்துக்கொள்கிறார்கள். லென்ஸ் விரிக்கும் ஒளிவட்டம் ஃபிலிமைவிடப் பெரியது. மிச்ச வெளிச்சம் பெல்லோஸின் உட்சுவரில் பட்டுச் சிதறுகிறது. இதனால் படம் முழுக்க கான்ட்ராஸ்ட் குறையும், ஆனால் குறிப்பிட்ட ஓரிடத்தில் கறை விழாது. இதற்கு மருந்து லென்ஸ் ஹுட். டேப் ஒட்டிப் பயனில்லை.

கசிவு எங்கிருந்து வருகிறது என்று நெகட்டிவை வைத்தே சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியும். லைட் பாக்ஸ் இல்லாவிட்டால் வெள்ளைத் திரை போட்ட கைப்பேசி போதும். நெகட்டிவை அதன் மேல் வைத்து, படத்தை விட்டுவிட்டு விளிம்புகளைப் பாருங்கள்.

ஹோல்டருக்குள் ஷீட்டின் இரண்டு நீளப் பக்கங்களையும் மெல்லிய தண்டவாளங்கள் பிடித்திருக்கும். அவற்றுக்குக் கீழே போகும் சில மில்லிமீட்டர் அகலத்துக்கு வெளிச்சமே படாது. அதனால் சரியான நெகட்டிவில் அந்த ஓரம் நிறமற்ற பட்டையாக இருக்கும். கறை அந்தப் பட்டையைத் தொடாமல், தண்டவாளத்தின் கோட்டிலேயே நின்றுவிட்டதா? அப்படியென்றால் ஃபிலிம் ஹோல்டருக்குள் இருந்தபோது முன்பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்திருக்கிறது. பெல்லோஸ், லென்ஸ், பேக், டார்க் ஸ்லைடு இவற்றில் ஏதோ ஒன்று.

கறை அந்தப் பட்டையையும் தாண்டி ஷீட்டின் கடைசி விளிம்பு வரை ஓடியிருந்தால், வெளிச்சம் பட்டபோது ஃபிலிம் தண்டவாளத்துக்கு அடியிலேயே இல்லை. லோடு செய்த அறை, சேஞ்சிங் பேக் (கைவிட்டு ஃபிலிம் மாற்றும் கறுப்புப் பை), ஃபிலிம் பெட்டி, டெவலப்பிங் டேங்க் என்று அங்கேதான் தேட வேண்டும். கேமராவைத் தொட வேண்டாம். விதிவிலக்கு ஒன்று உண்டு: ஹோல்டரில் ஃபிலிம் போடும் அடிக்கதவுப் பக்கம் கசிந்தால், அந்த முனையில் மட்டும் தண்டவாளத்துக்கு அடியிலும் கொஞ்சம் கருமை ஏறும்.

அடுத்தது கறையின் வடிவம். ஓரத்திலிருந்து கிளம்பி உள்நோக்கி மெலிந்துகொண்டே போகும் கூரிய கீற்று என்றால் ஹோல்டர் அல்லது பேக். நடுவிலோ ஒரு பக்கமாகவோ, எல்லை சொல்ல முடியாத பரந்த மங்கல் என்றால் பெல்லோஸ் ஓட்டை. ஓட்டை ஃபிலிமிலிருந்து தூரத்தில் இருப்பதால் வெளிச்சம் விரிந்து விழுகிறது.

அப்புறம், பல நெகட்டிவ்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் கறை ஒரே இடத்தில், ஒரே வடிவத்தில் இருந்தால் ஹோல்டர் அல்லது பேக். வெயில் அடித்த திசைக்கும் பெல்லோஸை நீட்டிய அளவுக்கும் ஏற்ப இடம் மாறினால் பெல்லோஸ். குறிப்பிட்ட ஒரு ஹோல்டரில் மட்டும் வந்தால் அதைவிடத் தெளிவான சாட்சி வேறு வேண்டாம். இதற்காகவே ஹோல்டர்களுக்கு எண் போட்டு, எந்தப் படம் எந்த எண்ணில் எடுத்தது என்று குறித்துவையுங்கள். சிலர் ஹோல்டரின் உள்விளிம்பில் அரத்தால் ஒன்று, இரண்டு, மூன்று என்று சின்ன வெட்டுகள் போடுவார்கள். எக்ஸ்போஷரின்போது அந்த வெட்டு நெகட்டிவின் ஓரத்தில் தானாகவே பதிந்துவிடும். அருமையான பழக்கம்.

கறையின் கருமை ஷட்டர் வேகத்தைப் பொறுத்ததா?

இல்லை. டார்க் ஸ்லைடு வெளியே இருந்த நேரத்தைப் பொறுத்தது. 1/60 வினாடிப் படமாக இருந்தாலும், காற்று நிற்கட்டும் என்று ஸ்லைடை எடுத்துவிட்டு இரண்டு நிமிடம் காத்திருந்தால் இரண்டு நிமிடக் கசிவு விழும். அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களில் ஒன்றில் மட்டும் கறை அதிகமாக இருந்தால் இதை நினைத்துப் பாருங்கள்.

படத்தின் மேல்பக்கம் வெளுத்திருக்கிறது. கேமராவிலும் மேல்பக்கம்தான் பார்க்க வேண்டுமா?

இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். ஃபிலிமில் விழும் பிம்பம் தலைகீழ், இடவலமும் மாறியது. கேமராவுக்குப் பின்னால் நின்று பார்த்தால், பிரின்டின் வலதுமேல் மூலை ஹோல்டரின் இடதுகீழ் மூலையில் இருக்கும்.

கசிவு பேக்கிலோ ஹோல்டரிலோ இருந்தால் கறை இடுக்கை ஒட்டியே விழும். எனவே பிரின்டின் மேலே வெளுப்பு என்றால் கேமராவின் கீழ்ப்பக்கத்தைப் பாருங்கள். பெல்லோஸ் ஓட்டை அப்படி இல்லை. மேலே உள்ள ஓட்டை வழியாக நுழையும் வெயில் நேர்கோட்டில் சரிந்து ஃபிலிமின் கீழ்ப்பகுதியில் விழும். பிரின்டில் அது மேலே வரும். ஆக, பரந்த மங்கல் பிரின்டின் மேலே இருந்தால் பெல்லோஸின் மேல்பக்கத்தைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

எந்த முனை ஸ்லைடு நுழையும் முனை, எந்த முனை அடிக்கதவு என்று அறிய ஷீட்டின் மூலையில், இருட்டில் விரலால் தடவி அறிய வைத்திருக்கும் நாட்ச் வெட்டு உதவும். எப்போதும் ஒரே முறையில் லோடு செய்பவருக்கு மட்டும்தான் உதவும்.

முதலில் சந்தேகப்பட வேண்டியது பெல்லோஸைத்தானே?

நான் ஹோல்டரைத்தான் முதலில் பார்ப்பேன். கேமரா ஒன்று, ஹோல்டர்கள் பல. அவற்றில் பெரும்பாலானவை பழையவை, கைமாறி வந்தவை, பையில் அடிபட்டவை. பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று.

ஸ்லைடு நுழையும் வாயில் ஒளிப்பொறி இருக்கிறது. மெல்லிய ஸ்பிரிங் தகடும் வெல்வெட் போன்ற துணியும் சேர்ந்தது. ஸ்லைடை வெளியே எடுத்ததும் இது அந்த வாயை மூடிக்கொள்ள வேண்டும். துணி தேய்ந்தாலோ, உள்ளே மணல் சிக்கினாலோ, முழுவதும் மூடாது. நெகட்டிவில் அந்த முனையிலிருந்து உள்நோக்கிக் கீற்று வரும். டார்ச்சை வாயில் வைத்து, உட்பக்கமாகக் கண்ணை வைத்தால் வெளிச்சக் கோடு தெரியும்.

எதிர் முனையில் ஃபிலிம் போடுவதற்கான அடிக்கதவு. அதன் கீல், துணி நாடாவால் ஆனது. வயதானால் மடிப்பில் வெடிக்கும். கறுப்புத் துணி நாடா ஒட்டினால் சரியாகிவிடும், ஆனால் ஹோல்டரின் கனம் கூடாதபடி ஒட்ட வேண்டும்.

மூன்றாவது, டார்க் ஸ்லைடே. அதை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மூலையில் மயிரிழை விரிசல் இருக்கலாம்.

ஒளிப்பொறியைப் பிரித்துப் புதுத் துணி வைக்க முடியும். ஆனால் ஒரே ஒரு ஹோல்டருக்காக அந்தப் பாடு தேவையா என்று யோசியுங்கள். மோசமானதை ஒதுக்கிவிட்டு வேறு வாங்குவது நல்லது. ஒதுக்கியதன் மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டுவிடுங்கள், இல்லையென்றால் அது மறுபடியும் பைக்குள் வந்துவிடும்.

டார்க் ஸ்லைடை இழுக்கும் விதத்தால்கூடக் கசியுமா?

கசியும். ஸ்லைடைச் சாய்த்து, ஒரு மூலை முந்தும்படி நுழைத்தால் ஒளிப்பொறி அந்த மூலையில் மட்டும் திறக்கும். நெகட்டிவில் முக்கோணமாகக் கறை விழும். நேராக இழுங்கள், நேராகவே செருகுங்கள்.

இன்னொன்று: ஸ்லைடு இறுக்கமாக இருந்து வெடுக்கென்று இழுத்தால், ஹோல்டரும் கூடவே வந்து பேக்கிலிருந்து ஒரு நொடி பிரியும். அந்த நொடியில் வெயில் உள்ளே போய்விடும். இடது கையால் ஹோல்டரைப் பேக்கோடு சேர்த்து அழுத்திக்கொண்டு வலது கையால் இழுங்கள்.

ஹோல்டர் சரியாக இருக்கிறது. பேக்கை எப்படிச் சோதிப்பது?

சாதாரணக் காகிதத்தில் விரல் அகலத் துண்டு ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள். ஹோல்டரைச் செருகும்போது, அதற்கும் பேக்குக்கும் இடையில் காகிதத்தின் ஒரு முனை மாட்டும்படி வையுங்கள். இப்போது இழுத்துப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் அந்த இடம் நன்றாகப் படிகிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே இடுக்கு. நான்கு பக்கமும், நான்கு மூலையும் செய்யுங்கள். மரப் பேக் வளைந்திருந்தால், ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் இதில் உடனே தெரியும்.

ஹோல்டரின் முகத்தில் ஒரு மேட்டுக்கோடு இருக்கும். அது பேக்கில் உள்ள பள்ளத்தில் உட்கார வேண்டும். அவசரத்தில் உட்காராமல் விட்டால் அந்தப் பக்கம் முழுவதும் வெளிச்சம் வரும். செருகியதும் ‘டக்’கென்று உட்கார்ந்ததா என்று விரலால் தடவி உறுதிசெய்யுங்கள்.

ஸ்பீடு கிராஃபிக் என்ற பழைய கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அதில் ஃபிலிமுக்கு முன்னால் திரை ஷட்டர் இருக்கிறது. அதை மூடி வைத்து, டார்க் ஸ்லைடை எடுத்து வெயிலில் விடுங்கள். கறை வந்தால் பேக் அல்லது ஹோல்டர். வராவிட்டால் பெல்லோஸ் அல்லது லென்ஸ். திரையிலேயே பொடி ஓட்டைகள் இருக்கக்கூடும், அதை டார்ச்சால் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெல்லோஸை டார்ச் வைத்துச் சோதிப்பது எப்படி?

பகலில் செய்யாதீர்கள். இரவில், தெருவிளக்கு வெளிச்சமும் வராத அறையில் செய்யுங்கள். லென்ஸுக்கு மூடி போட்டு, கிரவுண்ட் கிளாஸை (பின்னால் பிம்பம் பார்க்கும் மங்கல் கண்ணாடி) கழற்றி, பெல்லோஸை முழுவதும் நீட்டுங்கள். விளக்கை அணைத்துவிட்டுப் பத்து, பதினைந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். இதைத் தவிர்ப்பவர்கள்தான் ‘ஓட்டை ஒன்றுமே இல்லை’ என்று சொல்வார்கள். கண் இருட்டுக்குப் பழகாமல் பொடி ஓட்டை தெரியாது.

பிறகு பிரகாசமான சின்ன எல்.இ.டி. டார்ச்சைப் பின்பக்கமாக உள்ளே விட்டு, கை இடுக்கைக் கறுப்புத் துணியால் மூடிக்கொள்ளுங்கள். டார்ச்சை ஒரு மடிப்பு மூலையிலிருந்து அடுத்ததற்கு மெதுவாக நகர்த்துங்கள். ஓட்டைகள் தட்டையான பரப்பில் அரிதாகத்தான் வரும். துணியோ தோலோ இரண்டு பக்கமும் மடிந்து கூராகும் மூலை முனைகளில்தான் தேய்ந்து விழும். டார்ச் நேராக எதிரே வரும் நொடியில் மட்டும் ஊசிமுனை அளவுக்கு ஒரு புள்ளி மின்னி மறையும். அங்கேயே நிறுத்தி, பெல்லோஸைக் கொஞ்சம் சுருக்கி, முன்பக்கத்தைச் சாய்த்து, ஏற்றி இறக்கிப் பாருங்கள். நேராக இருக்கும்போது மூடியிருந்து, சாய்க்கும்போது மட்டும் வாய் திறக்கும் ஓட்டைகள் உண்டு. கண்ட இடத்திலெல்லாம் சாக்பீஸால் சின்னப் புள்ளி வையுங்கள்.

பெல்லோஸ் முன், பின் சட்டங்களில் ஒட்டியிருக்கும் விளிம்பையும் மறக்க வேண்டாம். பசை விட்டுப்போன இடங்கள் அங்கேதான் இருக்கும்.

கண் நம்பகமாக இல்லை என்றால், டார்ச்சை உள்ளே வைத்து மூடிவிட்டு, கைப்பேசியை ஸ்டாண்டில் நிறுத்தி 30 வினாடி எக்ஸ்போஷரில் படம் எடுங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு படம் போதும்.

லென்ஸ் பக்கம் என்னென்ன பார்க்க வேண்டும்?

போர்டின் பின்னால் லென்ஸைப் பிடித்திருக்கும் வளையம் தளர்ந்திருக்கிறதா? துளையின் அளவு சரியா? கோப்பல் 0 ஷட்டருக்கு 34.6 மி.மீ., கோப்பல் 3-க்குச் சுமார் 65 மி.மீ. பெரிய துளையில் சின்ன ஷட்டரை மாட்டினால் ஓரம் கசியும். பழைய போர்டில் முன்பு இருந்த லென்ஸின் திருகு ஓட்டைகள் அப்படியே இருக்கும். அவற்றை அடையுங்கள்.

ஷட்டரே சரியாக மூடவில்லையா என்று அறிய, ஒரு ஷீட்டை லென்ஸ் மூடியோடும் இன்னொன்றை மூடி இல்லாமலும் சோதியுங்கள். இரண்டாவதில் மட்டும் மங்கல் வந்தால் ஷட்டர் இதழ்கள்தான் காரணம்.

டார்ச் சோதனையில் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் கசிகிறது. என்ன செய்வது?

ஃபிலிமையே கேட்டுவிட வேண்டியதுதான். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் என்ற விதியை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதல் ஷீட்: ஹோல்டரைக் கேமராவில் மாட்டாமல், ஸ்லைடு உள்ளேயே இருக்க, வெயிலில் ஐந்து நிமிடம் எல்லாப் பக்கமும் திருப்பி வையுங்கள். இரண்டாவது: கேமராவில் மாட்டி, லென்ஸ் மூடி போட்டு, ஸ்லைடை எடுத்துவிட்டு, பேக்கை மட்டும் கறுப்புத் துணியால் பல மடிப்பாகச் சுற்றி, பெல்லோஸை வெயிலில் விடுங்கள். மூன்றாவது அதற்கு நேர்மாறு: பெல்லோஸும் லென்ஸும் மூடியிருக்க, பேக் மட்டும் வெயிலில். நான்காவது ஷீட்டை ஹோல்டரில் போட்டு எதுவும் செய்யாமல் வைத்திருந்து, மற்றவற்றோடு சேர்த்து டெவலப் செய்யுங்கள். இந்த நான்காவது இல்லாமல் மற்ற மூன்றையும் நம்ப முடியாது. அதிலும் கறை வந்தால் இருட்டறையில்தான் கோளாறு.

இன்ஃப்ராரெட் (அகச்சிவப்பு) ஃபிலிம் போடுபவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. கண்ணுக்கு முழுக் கறுப்பாகத் தெரியும் சில பிளாஸ்டிக், துணி வகைகள் இன்ஃப்ராரெட்டை உள்ளே விடும். அதை டார்ச் காட்டிக்கொடுக்காது.

சோதனைக்காக நல்ல ஃபிலிமைச் செலவழிக்க மனம் வரவில்லை.

நியாயம்தான். மருத்துவ எக்ஸ்ரே ஃபிலிமை வெட்டிப் போடலாம். விலை குறைவு, சிவப்பு விளக்கில் கையாளலாம், பலரும் அதை ஐ.எஸ்.ஓ. 100 அளவில் வைத்துப் படமே எடுக்கிறார்கள். பெரும்பாலான வகைகளில் இரண்டு பக்கமும் பூச்சு இருப்பதால் கீறல் விழும், சோதனைக்கு அது பொருட்டல்ல.

பிரின்ட் எடுக்கும் தாளும் உதவும், ஆனால் அதன் வேகம் (ஒளியுணர்வு) சுமார் ஐ.எஸ்.ஓ. 6 தான். இல்ஃபோர்ட் எச்.பி.5 பிளஸ் ஃபிலிமுக்கு அது 400. அறுபது மடங்குக்கும் மேல் வித்தியாசம். தாளில் ஐந்து நிமிடத்தில் எதுவும் வரவில்லை என்பதால் கேமரா சுத்தம் என்று முடிவுகட்ட முடியாது. பெரிய ஓட்டைகளை மட்டும் அது காட்டும்.

கிராஃப்லாக் பேக் (துணைக்கருவிகளைப் பூட்டி மாட்டும் பேக்) உள்ள 4×5 கேமராவில் லோமோகிராஃப்லாக் என்ற துணைக்கருவியை மாட்டி, இன்ஸ்டாக்ஸ் வைட் உடனடி ஃபிலிம் போட்டால் சில நிமிடங்களில் விடை கிடைக்கும். ஐ.எஸ்.ஓ. 800 என்பதால் சின்னக் கசிவும் தப்பாது. ஆனால் அதில் உங்கள் ஹோல்டர் சோதனைக்கு உள்ளாவதில்லை.

ஓட்டை கிடைத்துவிட்டது. எதை வைத்து அடைப்பது?

வளைந்து கொடுக்கும் பொருள் எதுவாக இருந்தாலும் சரி. கறுப்புத் துணிப் பெயின்ட்டை மெல்லிய பூச்சாக இரண்டு, மூன்று முறை தடவுவது பொடி ஓட்டைகளுக்கு நன்றாக வேலை செய்கிறது. கொஞ்சம் பெரியதென்றால், மெல்லிய கறுப்புத் துணியைச் சின்னதாக வெட்டி, பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் போன்ற ரப்பர் பசையால் ஒட்டலாம். பெல்லோஸை நீட்டி வைத்தே தடவுங்கள், நன்றாகக் காயும்வரை, ஒரு நாளாவது, மடிக்காதீர்கள். அவசரப்பட்டு மடித்தால் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது புது ஓட்டை விழும்.

வயர்மேன்கள் பயன்படுத்தும் கறுப்பு இன்சுலேஷன் டேப் வேண்டாம். நம் ஊர் வெயிலில் அதன் பசை உருகி வழிந்து பெல்லோஸைக் கெடுத்துவிடும். நகப்பூச்சும் வேண்டாம், காய்ந்ததும் விறைத்து உடையும். உட்பக்கம் பளபளக்கும் எதையும் பூசாதீர்கள்.

ஒரு மூலையில் இரண்டு மூன்று ஓட்டை என்றால் அடையுங்கள். எல்லா மடிப்பு முனைகளிலும் நட்சத்திரக் கூட்டம் போலத் தெரிந்தால் பெல்லோஸையே மாற்றிவிடுவது நல்லது. ஒன்றை அடைத்தால் அடுத்த வாரம் பக்கத்தில் இன்னொன்று திறக்கும்.

பழைய மரக்கேமராவுக்கு வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?

1940களில் தொடங்கி ஆலப்புழையில் செய்யப்பட்ட வாகீஸ்வரி கேமராக்கள் தென்னிந்தியாவின் பழைய ஸ்டூடியோ வீடுகளில் இன்றும் கிடைக்கின்றன. அந்த மரவேலையும் பித்தளை வேலையும் பாதுகாக்கப்பட வேண்டியவை. இத்தனை வருட மழைக்கும் வெயிலுக்கும் மரம் சுருங்கியிருக்கும். சட்டங்களின் மூலை இணைப்பு, கழன்று விழுந்த திருகுகளின் ஓட்டை, லென்ஸ் போர்டு உட்காரும் பள்ளம் ஆகிய மூன்றையும் டார்ச்சால் பாருங்கள். இணைப்பில் உள்பக்கமாகக் கறுப்பு வெல்வெட் நாடா ஒட்டினால் போதும். மரத்தை இழைக்கவோ புதுத் துளை போடவோ வேண்டாம். அதோடு வந்த மர ஹோல்டரை வேறு கேமராவின் ஹோல்டரோடு மாற்றிப் போடாதீர்கள். அந்தந்தக் கேமராவுக்குப் பொருத்திச் செய்தவை அவை.

கறை ஷீட்டின் விளிம்பு வரை போகிறது. இருட்டறையில் எங்கே தேடுவது?

அறைக்குள் போய்ப் பத்து நிமிடம் இருட்டில் நில்லுங்கள். கதவின் அடி, ஏ.சி.யின் பச்சை விளக்கு, சார்ஜர், கையில் உள்ள ஸ்மார்ட் வாட்ச் எல்லாம் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கும். சேஞ்சிங் பேக் என்றால் கைப்பட்டையின் எலாஸ்டிக்கும் ஜிப்பும். வெயிலில் உட்கார்ந்து சேஞ்சிங் பேக்கில் லோடு செய்யவே கூடாது. பெட்டியில் மேலே உள்ள ஷீட் முழுவதும் மங்கி, கீழே போகப் போக விளிம்பு மட்டும் மங்கியிருந்தால், பெட்டி யாராலோ ஒரு நொடி திறக்கப்பட்டிருக்கிறது.

நாளைக்கே படம் எடுக்கப் போக வேண்டும். சரிசெய்ய நேரம் இல்லை.

தலையில் போர்த்திக்கொள்ளும் கறுப்புத் துணியைக் கேமராவின் மேல் போர்த்துங்கள். லென்ஸ் மட்டும் வெளியே தெரிய, பெல்லோஸும் பேக்கும் ஹோல்டரின் வாயும் மூடியிருக்க வேண்டும். அதன் பிறகு துணிக்குள் கைவிட்டு ஸ்லைடை இழுங்கள். எக்ஸ்போஷர் முடிந்த உடனே ஸ்லைடை உள்ளே தள்ளிவிட்டு, அப்புறம் துணியை எடுங்கள். காற்றடித்தால் துணியின் ஓரத்தை இரண்டு துணிக்கிளிப்பால் பிடித்துவையுங்கள், லென்ஸுக்கு முன்னால் பறந்து வராது. ஹோல்டர்களையும் பையிலிருந்து தேவைப்படும்போது மட்டும் எடுங்கள், வெயில்படும் இடத்தில் வைக்காதீர்கள்.